தபசு காலத்தில் வந்த ஜோடி

1934ஆம் ஆண்டு தபசு காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு, ரேமண்டின் வெறும் கைகளுக்குள் ஒருத்தி வந்து நின்றாள். யாரும் அவளைக் கண்ணால் பார்க்கவில்லை. அவன் கைகள் மட்டும் அதற்குப் பிறகு இறங்கவில்லை. இடக்கை தோளுயரத்தில் நீண்டும், வலக்கை ஒரு முதுகைத் தாங்கியும் அப்படியே நின்றுவிட்டன.

தப்பு டோரதியுடையது. சூலியா தெருவை ஒட்டிய சந்தில், அரிசிக் கடை மாடியில் இருந்த நடனக் கழகத்தில் ரேமண்ட் ஆண்களுக்கும் அவள் பெண்களுக்கும் வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் இருவருக்கும் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் ஆடக் கூடாது என்பது மாதா கோயில் கட்டளை. ஈஸ்டர் திங்களன்றோ பெரிய ஆட்டம். அதற்குள், ஆபீசில் கணக்கெழுதிவிட்டு ஆடப் பழக வரும் கிராணிமார்களின் கால்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று கவலைப்பட்ட டோரதி ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பாட்டும் வைக்கல, பொம்பளையும் இல்ல. அப்புறம் எப்படிலா டான்ஸ் ஆகும்? சும்மா காத்தப் புடிச்சிக்கிட்டு நடங்க" என்றாள்.

பதினோரு ஆண்கள் காற்றை அணைத்துச் சுற்றினார்கள். பத்துப் பேருக்கு அது காற்றாகவே இருந்தது. கால் வழுக்கிச் சுழலத் தரையில் தூவியிருந்த பவுடரில், ரேமண்டின் சப்பாத்துத் தடங்களுக்கு எதிரே மெல்லிய குதிகால் தடங்கள் விழுந்திருந்தன.

"இவ மூச்சு விடுறா, டோரதி. கழுத்துல சில்லுன்னு படுது" என்றான் ரேமண்ட்.

கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்; அது வெற்றிடத்தில் ஒரு தோளின் வளைவில் வழிந்து சொட்டியது. அக்கரையில் இருந்த பிறை ரயில் நிலையத்து வேலைக்குப் படகில் போகும்போது, வந்தவள் அவனை அடி அடியாகக் கடல் பக்கம் இழுத்தாள். படகுக்காரர் முகம்மது சுல்தான் அவனைத் தூணோடு கட்டி வைத்தார். மறுநாள் முதல் கயிற்றைத் தயாராகவே வைத்திருந்தார். தன் வாய்ச்சொல்லால் அவன் செத்துப் போவான் என்று டோரதி பயந்தாள்.

ஈஸ்டர் திங்களன்று கிராமபோன் பாடத் தொடங்கியதும், ரேமண்ட் சுழன்று சுழன்று திறந்த ஜன்னலை நெருங்கினான். நிறுத்த அவனால் முடியவில்லை. கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பாட்டின் நடுவே ஒரு பெண் இன்னொருத்தியின் தோளைத் தட்டினால், ஆடுகிறவள் முகம் சுளிக்காமல் ஆளை விட்டுக்கொடுக்க வேண்டும். டோரதி ஓடிப்போய், தோள் இருக்க வேண்டிய இடத்தில் தட்டினாள். ஈரத் துணியும் எலும்பும் விரலில் பட்டன.

"எக்ஸ்கியூஸ் மீ, சிஸ்டர்" என்றாள்.

யாரோ ஒதுங்கினார்கள். ரேமண்டின் கைகள் தளர்ந்து விழுந்தன; பிறகு அவளை அணைத்துக்கொண்டு அழுதான். நான்கு சுற்றுதான் ஆடியிருப்பார்கள். டோரதியின் தோளை இரண்டு விரல்கள் மெல்லத் தட்டின.

அந்த வழக்கத்தை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவளே டோரதிதான். தான் மறுத்தால் நாளைக்கு வந்தவளும் மறுப்பாள் என்று புரிந்தது. அவனை விட்டுக்கொடுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவரோரம் நின்று, அடிகளை எண்ணி, மறுபடி போய்த் தட்டினாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மோதிரம் மாற்றும்போது தோளில் தட்டு விழுந்தது. டோரதி ஒதுங்கினாள், சாமியார் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். பிறகு வந்த வருஷங்களிலும் குடும்பம் அப்படித்தான் ஓடியது. திரும்பத் தட்டும் ஒவ்வொரு தடவையும், வந்தவள் இன்றைக்கு நகர்வாளா என்ற பயம் டோரதியை விட்டதில்லை. வந்தவளும் ஒரு நாள்கூட முறை தவறியதில்லை.