தூரக் குடிசை

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. மாதையன் பள்ளிக்கூடத்துச் சுவரில் மோதிக் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்து நில்றா. ஒன்ன ஒக்காரச் சொன்னது யாரு?" என்றார் ஏட்டு கோபால்சாமி.

எழுந்தான். காதுக்குள் வண்டு போனதுபோல இரைந்தது. பிள்ளைகளை விரட்டிவிட்டுப் போலீஸ் அங்கே முகாம் போட்டு ஒரு சாமை விளைச்சலே முடிந்துவிட்டது. பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ராஜாக்கண்ணுவைப் பிடிப்பதற்காக. ஒடுகத்தூர்ப் பையன். புளிக் குத்தகைக்காரனின் ஆட்கள் மலைப் பெண்கள்மேல் கை வைத்தபோது, "திருப்பி அடிங்க" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தவன். போன புளி உலுக்கலில் குத்தகைக்காரன் புளியமரத்தடியிலேயே வெட்டுப்பட்டுச் செத்தான். வெட்டியது யார் என்று பார்த்தவர் இல்லை. போலீசுக்கு ராஜாக்கண்ணு பெயரே போதுமானதாக இருந்தது. எமர்ஜென்சி ஒழிந்துவிட்டது என்று கீழே போளூரில் டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். மலைக்கு அது அப்போதுதான் ஏறி வந்திருந்தது.

கதவுக்குக் கதவு தாரால் நம்பர் போட்டார்கள். விடிந்ததும் ஒரு போலீஸ்காரன் வந்து, கழுவிக் கவிழ்த்த வட்டில்களைப் பார்ப்பான். பானை மூடியைத் தூக்கி, "மூணு பேருக்கு இவ்ளோ களியா?" என்பான். விருந்தாளி வந்தால் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும், போனாலும் சொல்ல வேண்டும். சந்தையில் மச்சானைப் பார்த்தவன், மச்சான் என்ன பேசினான் என்று ஒப்பிக்க வேண்டும். மறைத்தவன் முதுகு கிழிந்தது. மெல்ல மெல்ல ஊர் பேச்சைக் குறைத்துக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடந்தது.

"ஒம் பொண்டாட்டி எங்கடா?"

கேட்டவர் இன்ஸ்பெக்டர் தசரதன். நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளங்காலில் ஏறிய முள்ளை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கீழ்ப்புறம், மூங்கில் புதருக்கு அப்பால் ஒரு குடிசை தனியாக நின்றது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் அங்கே போய் இருந்துவிட்டு, தலை முழுகித் திரும்புவார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். யார் போனாள், எப்போது வருவாள் என்று கேட்கவும் மாட்டார்கள். இப்போது அங்கே இருக்கும் அவன் பெண்டாட்டி பாஞ்சாலிக்குச் சோறு கொண்டுபோவது அவனுடைய அம்மா கெங்கம்மாள்தான். இதை ஓர் ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வான்? அதுவும் காக்கிச் சட்டைக்கு?

ஏட்டு லத்தியின் முனையை விலாவில் செருகித் திருகினார்.

"அது... பொம்பளைங்க எடங்க, சாமி."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அது இன்னா எடம்னு எனக்குத் தெரியும்டா. ஒம் பொண்டாட்டி என்னைக்குப் போனான்னும் தெரியும். மத்தவளுங்க நாலு நாள்ல திரும்பிட்றாளுங்க. இவ போய் ரெண்டு சந்தை முடிஞ்சிபோச்சி. ஒங்கம்மா ரெண்டு ஆள் சோறு தூக்கினு போறா. இன்னாடா அவ ஒடம்புக்கு?"

மாதையனுக்குச் சந்தை நடுவில் வேட்டி அவிழ்ந்ததுபோல இருந்தது. பெண்டாட்டி உடம்பின் நாள்கணக்கை எவனோ ஒருவன் மரத்தில் ஒளிந்து உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். அவனே எண்ணாத கணக்கு அது. "அவ ஏன் இன்னும் வரல?" என்று அம்மாவிடம் ஒருதரம் கேட்டிருந்தான். "ஒடம்பு முடியல, வருவா. ஆம்பளைக்கு இன்னாடா அந்தப் பேச்சு?" என்று அவள் சீறவும் அடங்கிப்போனான்.

"சார், இவன் மூஞ்சப் பாருங்க, இவனுக்கே டவுட்டு. உள்ள எவன் படுத்துங்கீறானோ!" என்றார் ஏட்டு.

லத்தியைத் தாங்கிய உடம்பு இதைத் தாங்கவில்லை. மாதையன் கத்தினான்.

"எவனும் இல்ல! வாங்க, நானே காட்றேன். எவனாச்சும் இருந்தா என் தலைய வெட்டுங்க!"

இன்ஸ்பெக்டர் பூட்ஸை மாட்டினார்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மாதையன் முன்னால், இன்ஸ்பெக்டரும் ஏட்டும் பின்னால், அவர்களுக்குப் பின்னே துப்பாக்கியோடு இரண்டு பேர். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் பார்த்துவிட்டு முறத்தை வீசி எறிந்து ஓடிவந்தாள்.

"டேய் மாதையா! எங்கடா இவங்கள இட்டுனு போற? அந்தப் பக்கம் போவாதடா, பாவி!"

ஏட்டு அவள் மார்பில் கை வைத்துத் தள்ளினார். கல்லில் விழுந்து அவள் நெற்றி பிளந்தது. தூக்கப் போன மாதையனின் பிடரியைப் பிடித்து முன்னால் நெட்டினார்கள்.

"யம்மா, ஒண்ணுமில்லன்னு காட்டிட்டு வந்துட்றேன்."

வழக்கம் கெடுகிறதே என்றுதான் அம்மா அலறுகிறாள் என்று அவன் நினைத்தான். இரத்தம் கண்ணில் இறங்க, அவள் மண்ணை வாரி அவன் முதுகைப் பார்த்துத் தூற்றினாள்.

"இனிமே எவன் வாயும் தொறக்கக் கூடாது. எல கூட அசையக் கூடாது," என்றார் இன்ஸ்பெக்டர்.

சத்தமில்லாமல் நடந்தார்கள். மூங்கில் புதர் வந்தது. மாடு தேடியோ தண்ணீருக்கோ அந்த இடத்தைத் தாண்ட நேர்ந்தால், ஆண் எவனும் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மேலே போவான். அரைஞாண் கட்டிய வயதிலிருந்து அப்படித்தான். மாதையனின் கால் தானாக நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"ஆம்பள வர்றோம்! ஒதுங்கிக்குங்கோ!"

சத்தம் பள்ளத்தில் பட்டுத் திரும்பி வருவதற்குள் ஏட்டின் லத்தி அவன் வாயில் இறங்கியது. பல் தெறித்தது. குடிசையின் பின்பக்கக் கூரை பிய்ந்தது. அதிலிருந்து ஓர் ஆள் உருண்டு விழுந்து எழுந்தான். முட்டியிலிருந்து கணுக்கால்வரை பாஞ்சாலியின் பச்சைச் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடினான்.

ராஜாக்கண்ணு.

முதல் குண்டு மண்ணில் பாய்ந்தது. இரண்டாவது முதுகில். பள்ளத்து விளிம்பில் ஒரு செடியைப் பிடித்தான், செடி வேரோடு கையில் வந்தது. இன்ஸ்பெக்டர் நிதானமாக நடந்துபோய் விளிம்பில் நின்று, கீழே பார்த்துப் பிஸ்டலால் இன்னொருமுறை சுட்டார். "தூக்கினு வாங்கடா," என்றதும் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கினார்கள்.

பாஞ்சாலி வாசலில் நின்றாள். கையில் பச்சிலை அரைத்த பச்சை. திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் பிஸ்டலை உறையில் போட்டுவிட்டு, அவள் மயிரைப் பிடித்துத் தரையில் இழுத்து வந்தார். இழுபட்டுக்கொண்டே அவள் புருஷனைப் பார்த்தாள்.

"யோவ்... நீயா இட்டாந்த?"

மாதையனின் வாயிலிருந்து இரத்தம்தான் வந்தது.

"ஏண்டா கத்துன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாய்ப்பழக்கம், சாமி. அதுதான் உண்மை. அவனுக்கு எதுவும் தெரியாது, அவனேதான் கூட்டி வந்தான். அதைச் சொன்னால் இரண்டு உதை உதைத்து அனுப்பிவிடுவார்கள். பாஞ்சாலியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். மேல் ஊர்ப் பச்சையம்மாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவள் யாரிடமும் பேசாமல் கிணற்றில் விழுந்தாள்.

"ஓடச் சொல்லித்தான் கத்துனேன்," என்றான் மாதையன்.

"இன்னாது?"

"நாந்தான் அவன இட்டாந்து இங்க போட்டேன். போலீசு எட்டிப் பாக்காத எடம்னு."

"பொய்யி, சாமி!" பாஞ்சாலி அலறினாள். "அவுருக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான்..."

"வாய மூட்றி! தூரமா ஒக்காந்தவளுக்கு இன்னா தெரியும்? வெளிய சொன்னா வெட்டிப் போட்ருவேன்னு சொல்லி வெச்சிருந்தேன் சாமி. அந்தப் பயம்."

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதுக்குடா நீயே எங்கள இட்டாந்த?"

"நீங்க எப்டியும் வருவீங்க. நான் முன்னால வந்தாத்தான கொரல் குடுக்க முடியும்?"

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. ஊரின் வட்டிலையும் பானையையும் பெண்களின் நாட்களையும் எண்ணி வைத்திருந்த ஆள். கோவணம் கட்டிய ஒருவன் தன்னைப் புதர்வரை நடத்திக் கூட்டிவந்து ஏமாற்றிவிட்டான் என்பதை அவர் முழுசாக நம்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏட்டிடமிருந்து லத்தியைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் ஓங்குவதற்காகப் பாஞ்சாலியின் மயிரை விட்டார்.

மாதையன் கீழே விழுந்து அவருடைய இரண்டு காலையும் கட்டிக்கொண்டான்.

"ஓடுறி!"

அவள் எழுந்து நின்றாள். அசையவில்லை.

"ஓடுறி, முண்ட! மேல் காட்டுக்கு!"

ஓடினாள். ஏட்டு தொப்பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் துரத்தினார். சரளையில் சறுக்கி உட்கார்ந்து, அங்கிருந்தபடியே கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் பள்ளத்தைப் பார்த்து ஆட்களைக் கத்திக் கூப்பிட்டார். பிணத்தைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் ஏறி வர நேரம் பிடித்தது.

லத்தி தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. அப்புறம் மண்டையில். பூட்ஸ் கால் உதறி உதறி முகத்தில் இடித்தது. மாதையன் முகத்தை அந்தப் பூட்ஸிலேயே அழுத்திக்கொண்டான். மேலே எங்கோ சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. வலது கை எலும்பு முறிந்தபோது, இடது கையால் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.