பதினோராவது குறிப்பு

1

இந்தக் கதை ஒரு விளம்பரக் கட்டுரையில் பிறந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மின்நூல் கருவிகளுக்கு உறை விற்கும் இணையக் கடை ஒன்று, 'உங்கள் கருவியைப் பாதுகாக்கப் பத்துக் குறிப்புகள்' என்று தமிழில் எழுதித் தரச் சொன்னது. நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதகன். எந்தப் பொருள் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும். அதை நன்றாக எழுதவும் தெரியும். அடக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

ஆனால் தொடக்கம்தான் அமையவில்லை. முயன்றவற்றை அப்படியே விட்டு வைக்கிறேன்.

கெலமங்கலத்து ரோஜாக்கள் பனியில் நனைந்த அந்த விடியலில்...

(வேண்டாம். காலண்டர் படத்துக்குக் கீழே போடலாம்.)

பூங்கொடி கண்ணீரோடு தொலைபேசியை எடுத்து...

(பொய். அவர் அழவில்லை. திட்டினார்.)

சரி, திட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2

"பத்துக் குறிப்பு எழுதுன சுடலைமுத்து நீங்கதானா?"

"ஆமா, நான்தான். நீங்க யாரு பேசுறது?"

"கெலமங்கலத்துல ரோஜாத் தோட்டத்துல வேலை செய்யறேன். பூங்கொடி. கடைக்காரங்கதான் நம்பர் குடுத்தாங்க. நீங்க எழுதுனதப் படிச்சுத்தான் சார் என் மெஷினு செத்துப் போச்சு."

சித்திரை வெயிலில், ஷிப்டு மாறும் நேரத்தில், கேன்டீன் வாசலில் நின்று அதைக் கேட்டேன். என் எழுத்தைப் படித்து யாரும் எதையும் செய்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது.

அவர் வேலை செய்யும் கூடத்தில் பத்துப் பெண்கள். ரோஜாக்களைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவது வேலை. உள்ளே போனுக்குத் தடை. பூங்கொடியின் கருவி மணி அடிக்காது, படம் எடுக்காது என்று மேற்பார்வையாளர் குருமூர்த்தி திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டபின் அதை மட்டும் அனுமதித்தார். தினமும் ஒரு மணி நேரம் பூங்கொடி சத்தமாக நாவல் படிப்பார். மற்ற ஒன்பது பேர் கை நிற்காமல் கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக, ஆளுக்கு ஒரு கட்டு பூங்கொடியின் வாளியில் போட்டுவிடுவார்கள். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் சென்னம்மா போட்டார், அடுத்த நாள் எல்லோரும் போட்டார்கள்.*

* சென்னம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு. படித்தது கன்னடம். தமிழ் காதில் மட்டும்தான் ஏறும். இன்னும் இரண்டு பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. 'வீட்டில் போய் ஆளுக்கொரு போனில் படித்துக்கொள்ளலாமே' என்று நினைக்கும் வாசகருக்காக இது. நானும் முதலில் அப்படித்தான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

3

என் நான்காம் குறிப்பு: சூடுதான் பேட்டரியின் முதல் எதிரி. வெயில் படும் இடத்திலும் தகரக் கூரையின் கீழும் கருவியை வைக்காதீர்கள்.

அந்தத் தோட்டத்தில் பைகளை மாட்டும் கொட்டகைக்குத் தகரக் கூரை. பூங்கொடி யோசித்தார். அவர் யோசித்ததில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

"இங்க இருக்கறதுலயே நலுங்கக் கூடாத பொருளெல்லாம் எங்க சார் வெப்போம்? கோல்டு ரூம்லதான். ரோஜாவே அஞ்சு நாளு வாடாம இருக்குது. அங்கதான் வெச்சேன்."

மூன்று டிகிரி. சுவரெல்லாம் ஈரம். வாளி வாளியாகத் தண்ணீரில் நிற்கும் ரோஜாக்களுக்கு நடுவே, மேல் தட்டில் ஒரு மின்நூல் கருவி.

அதற்கு அவர் செய்த உறையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பூங்கட்டைச் சுற்றும் நெளி அட்டையை இரண்டாக மடித்து, மூலைகளில் மட்டும் நாலு மடிப்பு வைத்து, அதன்மேல் மொட்டுக்கு மாட்டும் வெள்ளை வலையை இழுத்து மாட்டியிருந்தார். கீழே விழுந்தால் கருவிக்குக் கீறல்கூட விழாது. கடையில் விற்பதைவிட நல்ல உறை. என் இரண்டாம் குறிப்பில் 'தரமான உறையாகப் பார்த்து வாங்குங்கள்' என்று எழுதியிருந்தேன். இதைப் பார்த்திருந்தால் 'வாங்குங்கள்' என்று எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் வெளியே எடுத்ததும் கருவி வியர்த்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டு, உடனே சார்ஜரில் செருகினார். அவ்வளவுதான்.

4

இப்போது என் பாவமன்னிப்பு.

நான் எழுதியவை பத்து அல்ல, பதினொன்று. பதினோராவது இது: குளிரிலிருந்து எடுத்த கருவியை உடனே திறக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உறையோடு இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். உள்ளே நீர் கோக்கும்.

கடையில் இந்த வேலையைப் பார்க்கும் ஸ்ரீராம் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். "சார், தலைப்புல பத்துன்னு போட்டாச்சு. அதுவும் நம்ம ஊர்ல யாரு சார் கருவியப் பனியில கொண்டு போய் வைப்பாங்க?"

நான் சிரித்தேன். நீக்கினேன். என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் மூன்று டிகிரியில் ஒரு அறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலைக்காரர்களின் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப் போனபோது நானே உள்ளே நின்று நடுங்கியிருக்கிறேன். தெரிந்தும் நீக்கினேன். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

5

குருமூர்த்தியை வில்லனாக்கப் பார்த்தேன்.

குருமூர்த்தி மீசையை முறுக்கியபடி...

(அவருக்கு மீசை இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை நான் கெலமங்கலம் போனபோது அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்கறேன் சார். படிக்கறதுக்காகத்தான் இந்தக் கூடத்துக்கு மாத்துனேன். அதுக்கு மேல படிப்பு இல்லன்னா, பூங்கொடி பழையபடி செடி வெட்டற பக்கம் போயிடட்டும். நானும் மேல பதில் சொல்லணும் இல்ல?" என்றார். பேச்சில் ஒரு கறாரான மனிதர். ஆனால் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அந்தக் கதவத் திறந்தா பாருங்க, உள்ள யாரு சார் இருந்தது?" என்றார்.

அதுதான் விஷயம். இந்தக் கருவியின் திரை மின்சாரம் போனாலும் அழியாது. கடைசியாக இருந்த பக்கம் அப்படியே நிற்கும். நின்றிருந்த பக்கத்தின் கடைசி வரி: 'அவள் கதவைத் திறந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது'

அங்கே பக்கம் முடிகிறது.

(நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர், விளம்பரம் வேறு எதற்கு?)

எங்கள் ஸ்டோரில் கேட்டு வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இருபதைக் கொண்டு போயிருந்தேன். ஏற்றுமதிப் பெட்டிகளில் போடுபவை. மூடி இறுகும் கண்ணாடி போன்ற சாப்பாட்டு டப்பாவில், உறையைக் கழற்றிவிட்டு, கருவியைத் திரை மேலே தெரியும்படி வைத்து, சுற்றிலும் பொட்டலங்களை அடுக்கி மூடினேன். பூங்கொடி அரிசியில் புதைக்கலாமா என்றார். கூடாது, தவிடு உள்ளே போகும். செவ்வாய் காலை பத்து மணி வரை திறக்கக் கூடாது, சார்ஜர் பக்கமே போகக் கூடாது என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டினேன்.

"பொழைக்குமா சார்?"

"பாதிக்குப் பாதி" என்றேன். என் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

6

கதையை முடித்துவிடலாம் என்று மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. செவ்வாய்க்கிழமை திரை ஒளிர்கிறது. பெண்கள் கைதட்டுகிறார்கள். (கைதட்டினால் ரோஜா கீழே விழும். நீக்கம்.)

ஆ. கருவி இறந்துவிட்டது. பெண்களே மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறார்கள். (கேட்க அழகாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது இது அல்ல. அந்த நாவலின் முடிவுதான் வேண்டும்.)

இ. எழுத்தாளர் தன் சொந்தக் கருவியைக் கொடுத்துத் தியாகம்...

மூன்றையும் திங்கட்கிழமை இரவு, ஷிப்டு இடைவேளையில், பூங்கொடிக்குப் போனில் படித்துக் காட்டினேன். என்ன திமிர் எனக்கு.

"நீங்க எப்படி முடிச்சாலும் அது உங்க கதை சார். எங்களுது டப்பாவுல கெடக்குது" என்றார்.

7

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கதையைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

திங்கள் காலை டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோரையும் போலக் கட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார். பதினோரு மணிக்குச் சென்னம்மா வந்து அவர் கையிலிருந்த ரோஜாவைப் பிடுங்கிக்கொண்டாராம். "சதுவம்மா" என்றாராம். படி.

"என்னத்தப் படிக்கிறது? ஒரு பக்கந்தான இருக்குது?"

"அந்தப் பக்கத்தப் படி."

மூடிக்கு வெளியே குனிந்து, பொட்டலங்களுக்கு நடுவே தெரிந்த அந்த ஒரே பக்கத்தைப் பூங்கொடி படித்திருக்கிறார். மூன்று தடவை. முடியும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் யார் என்று சண்டை.

"சாயங்காலம் வாளியப் பாத்தேன் சார். படிக்காத படிப்புக்கு யாரு கட்டு போடப் போறாங்கன்னு நெனச்சேன். நான் கட்டுனது போகப் பத்துக் கட்டு இருந்துச்சு."

"ஒன்பதுதான வரணும்?"

"ஆமா சார். ஒண்ணு மட்டும் கோணலா இருந்துச்சு. காம்பெல்லாம் மேல கீழ. கட்டத் தெரியாத யாரோ கட்டுனது."

கேன்டீன் வாசலில் நின்றபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஒத்துக்கொள்ளவும் வெட்கமில்லை. அந்த வாளி நாளைக்கு வெறுமையாகிவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

8

இன்று செவ்வாய். மணி ஒன்பதே முக்கால். ஸ்ரீராமிடம் சண்டை போட்டுத் தலைப்பைப் 'பதினொரு குறிப்புகள்' என்று மாற்றியாயிற்று. இந்தக் கதையையும் மின்நூலாக்கி, பூங்கொடியின் கருவிக்கே அனுப்பியிருக்கிறேன். அது உயிர் பெற்றால் தானாக இறங்கிக்கொள்ளும். பெறாவிட்டால் அங்கே யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. பத்து மணிக்கு அந்த டப்பாவைத் திறக்கும் கை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியை மெதுவாகத் திறக்கவும். பொட்டலங்களை அகற்றவும். கழற்றி வைத்த நெளி அட்டை உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெயிலில் காய வைத்தால் போதும். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும். நாற்பது நொடி. சுற்றிலும் ஒன்பது பேர் நிற்பார்கள், கதவோரம் ஒருவர் வேறெதையோ பார்ப்பதுபோல நிற்பார். யாரையும் பார்க்காமல் எண்ணுங்கள். முப்பதில் மனசு விட்டுப் போகும், விரலை எடுத்துவிடாதீர்கள்.

ஒன்று.