கோட்டைத் தாண்டிய புத்திசாலி

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கே கண் தெரியவில்லை என்று அன்றைக்கு மைதானமே கத்தியது. கத்தியவர்களில் பாதிப்பேர் அவள் கையால் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டயர் டிப்போவுக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் கால்பந்து இறுதிப்போட்டி. கொடி பிடிக்க வேண்டிய லைன்ஸ்மேன் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் நடுவர் தேர்வு எழுதித் தேறிய இன்னொரு ஆள் அவள்தான். சிக்கல் என்னவென்றால், அவள் கணவன் டிப்போ அணியின் தடுப்பாட்டக்காரன்.

"புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி கையில கொடி. வேலியே பயிரை மேயப்போகுது, பாருங்க" என்றார் கிடங்கின் கேப்டன். வேறு ஆள் இல்லாததால் கடைசியில் தலையாட்டினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு ஒரு கொடி தப்பினாலும் போச்சு, வாழ்நாள் முழுக்க 'அவன் பொண்டாட்டி'தான். அதற்காகவா மாதக்கணக்கில் விதிகளை உருப்போட்டாள்? கொடியை உதறிக் கையில் பிடித்தாள். தப்பாது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரு கோல். இரண்டாம் பாதியில் கிடங்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. டிப்போக்காரர்கள் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டு முன்னே ஓடினார்கள். ஆனால் அது நேரே கிடங்கு ஆள் ஒருவனின் காலில் போய் விழுந்தது. கோல் வாசலில் மிஞ்சியது மூன்றே பேர்: கோல்கீப்பர், அவருக்கு இரண்டடி முன்னால் கிடங்கின் இளம் ஸ்ட்ரைக்கர், கம்பத்தை ஒட்டி அவள் கணவன்.

கணவனுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. அவள் வீட்டில் சத்தம்போட்டுப் படித்ததில் ஒன்று அவன் காதிலும் விழுந்திருந்தது: பந்து உதைபடும் நொடியில் தாக்குகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணி ஆள் இரண்டு பேராவது வேண்டும், கோல்கீப்பரும் அதில் ஒருவர். ஒரே ஆள் இருந்தால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. அப்படியானால் நான் வெளியே போய்விட்டால்? அலுங்காமல் குலுங்காமல் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றான். நின்றதோடு விட்டானா, மனைவியைப் பார்த்து 'தூக்கு, தூக்கு' என்று கையையும் ஆட்டினான்.

பந்து வந்தது. ஸ்ட்ரைக்கர் தட்டினான். கோல்.

"ஆஃப்சைடு! கண்ணு தெரியலையா?" என்று மைதானமே கத்தியது.

அவள் கொடி அசையவில்லை. பாவி மனுஷன் அடுத்த வரியைக் கேட்பதற்குள் தூங்கிப்போயிருந்தான். தடுப்பவன் நடுவரைக் கேட்காமல் கோட்டைத் தாண்டினால், அவன் அந்தக் கோட்டின் மேலேயே நிற்பதாகத்தான் கணக்கு. ஆக, ஸ்ட்ரைக்கரைக் காப்பாற்றியதே அவள் வீட்டுப் புத்திசாலிதான்.

நடுவர் ஓடிவந்தார். "கோல் சரிதான். உங்க வீட்டுக்காரர் ஓடின வேகத்துல வெளிய போனாரா, வேணும்னே போனாரா?"

அதுதான் கேள்வி. வேகத்தில் போனால் குற்றமில்லை. வேண்டுமென்றே போனால் மஞ்சள் அட்டை. முதல் பாதியிலேயே அவன் ஒன்று வாங்கியிருந்தான். இன்னொன்று என்றால் சிவப்பு, நேரே வெளியே.

"வேகத்துல போயிட்டேன் சார்" என்றான் கணவன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. இந்த ஆட்டத்துக்காக அவன் ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடியது அவளுக்குத் தெரியாதா என்ன.

"நடந்துதான் போனார். வேணும்னேதான் போனார்" என்றாள். "கொடியைத் தூக்கச் சொல்லி எனக்குக் கையும் காட்டினார்."

சிவப்பு அட்டை வந்தது. கணவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான்.

"ஏன்டி, பாத்ததைப் பாக்காத மாதிரி இருக்கக்கூடாதா?"

"பாக்கத்தாங்க என்னைய இங்க நிறுத்தியிருக்காங்க. நகருங்க, கோடு மறைக்குது."

ஆட்டம் முடியும் நேரத்தில் கிடங்குக்காரன் நீளமாக ஒரு பந்து போட்டான். உதைபட்ட நொடியில் அதே ஸ்ட்ரைக்கர் கடைசித் தடுப்பாளனைவிட அரையடி முன்னால் இருந்தான். ஓடிப்போய் வலைக்குள் அடித்தான். அவள் கொடி மேலே நின்றது.

அவன் கையை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தான். "என்ன அக்கா இது, நான் பின்னாலதானே..."

அவன் முடிப்பதற்குள் கேப்டன் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"வாயை மூடிட்டு வாடா. கட்டின புருஷனையே விடல, உன்னைய விடுமா அந்தம்மா?"