ரேடியோ போன வீடு

ஷமீனாவின் கணவன் முபாஷிர் ரியாத்தில் ஏசி மெக்கானிக். பிள்ளை குட்டி கிடையாது. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்கு ரேடியோ ஒன்றுதான் துணை. அது பேசும், பாடும். இவள் பதில் சொல்லிக்கொண்டே சமைப்பாள். இதைப் போய் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

முபாஷிர் சொன்னான். யாரோ அனுப்பிய மார்க்கப் பேச்சு, ஒரு பயானைக் கேட்டுவிட்டு, "இசை ஹராம், ஷமீனா. இனிமே வூட்டுல அந்தச் சத்தமே வேணாம்" என்றான்.

அவளும் சும்மா விடவில்லை. பள்ளிவாசல் ஹஜரத்தைப் போய்க் கேட்டாள்.

"கல்யாணத்துல தஃப் கொட்டு அடிக்கலாம்னு ஹதீஸே இருக்குதும்மா. மத்த வாத்தியம் கூடாதுன்னு நெறைய பேரு சொல்லியிருக்காங்க. ஆபாசமில்லாத பாட்டுக்குத் தடையில்லன்னு சொன்னவங்களும் இருக்காங்க. நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

இதை அப்படியே போனில் ஒப்பித்தாள். "சந்தேகமானத வுட்டுடறதுதான் பேணுதல்" என்று முபாஷிர் ஒரே போடாகப் போட்டான்.

கடல் தாண்டி இருக்கிறவனோடு எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? ரேடியோவைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் ஃபேன் சத்தம்தான். சாப்பிட உட்கார்ந்தால் தான் மெல்லும் சத்தம் தனக்கே கேட்கும். அழுகை வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில், "சரி, சோறாக்கணும்" என்று பேச்சை முடித்த முபாஷிர், போனை அடுப்பு மேடையில் கவிழ்த்துப் போட்டான். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டான். திரை இருட்டாக இருந்தது. வெங்காயம் அரியும் சத்தம் கேட்டது. கூடவே அவன் பாடுவதும் கேட்டது. கல்யாணமான புதிதில், மங்கலம்பேட்டை பஸ்ஸில் அவள் காதோரம் பாடிய அதே சினிமாப் பாட்டு.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு இவர் மட்டும் பாடுவாராமா? கேட்டே விடுவது என்று போனை வாயருகே கொண்டுபோனாள். ஆனால் அவனுக்கு இரண்டாவது வரி மறந்துவிட்டது. முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினான். பக்கத்தில் யாரும் இல்லாதவன் பாடுகிற பாட்டு அது. ஷமீனாவுக்கு அது தெரியாதா என்ன? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

பாட்டு நின்றது. போனை எடுத்துப் பார்த்த முபாஷிரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நீ இன்னும் லைன்லயா இருக்க? ஏதாச்சும் கேட்டுச்சா?"

கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரேடியோ வீட்டுக்கு வந்துவிடும்.

"இல்லைங்க. போனை வெச்சுட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டேன். இப்பதான் வந்தேன்."

அவன் நிம்மதியாகச் சிரித்தான்.

அன்றிலிருந்து ஷமீனா தானாக அழைப்பைத் துண்டிப்பதில்லை. பேசி முடித்த பிறகும் போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். முபாஷிர்தான் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் துண்டித்துவிடுகிறான்.