கழுத்தில் ஓட்டை இருந்தால் பேச்சு வருமா?

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதிலேயே மிக அழகானது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு வரியை என் மனைவி அழித்தாள். அங்கே பிறந்தது.

அக்கா பேச்சுப் பயிற்சியாளர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத்தருகிறாள். அவர்கள் கழுத்தின் அடியில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு விடுவார்கள். பேச்சுக்கு வேறு பாதை பழக வேண்டும். மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் உள்ள சின்ன அறை. அவளுக்கு ஓர் இணையதளம் இருந்தது. தம்பி கதை எழுதுகிறவன் ஆயிற்றே என்று அதற்கு வாசகம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தாள். முகப்பில் கொட்டை எழுத்தில் ‘மௌனத்தின் கரையில் ஒரு புதிய விடியல்’ என்று போட்டேன். பின்னால் ஓர் அருவிப் படம்.

ஒருவரும் வரவில்லை.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

“இணையம் என்னும் மாபெரும் கடலில், ஒரு சிறு படகைப்போல…”

(வேண்டாம். அருவியைத் தூக்கிவிட்டுக் கடலைக் கொண்டுவந்தால் திருந்தியதாக ஆகாது.)

அடுத்து: “அக்கா ஜன்னலருகே நின்று தெருவை வெறித்தாள். அவள் கண்களில்…”

(அக்கா வெறிக்கிற ஆளே இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.)

நடந்ததையே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அக்கா, பயிற்சி தேவைப்படுகிறவர்கள் எங்கேயோ தவித்துக்கொண்டிருக்க, தான் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பதாக வருத்தப்பட்டாள். என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். இணையதளங்களைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருவதுதான் அவளுக்குத் தொழில். கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் செய்துகொடுப்பாள். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

3

அவள் முதலில் கண்டுபிடித்தது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம். தளத்தைக் கட்டிக்கொடுத்தவர், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று ‘தேடுபொறிகள் உள்ளே வரக்கூடாது’ என்று ஒரு குறிப்பு வைத்திருந்தார். வேலை முடிந்தபின் அதை எடுக்க மறந்துவிட்டார். உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பூட்டிய கதை.

அருவிப் படம் கைபேசியில் திறப்பதற்குள் ஆள் போய்விடுவான் என்றாள். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு இருந்தது. ‘விடியல்’ என்று தேடுகிறவருக்குக் காலை வணக்கப் படங்கள்தான் வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். இதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் வலித்தது.*

தொடர்புப் பக்கத்துக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

“அண்ணி, இதுல வெறும் போன் நம்பர்தான் இருக்கு.”

“வீட்டுல யாராவது கூப்பிடுவாங்கம்மா.”

“வீட்டுல யாரும் இல்லன்னா?”

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பேச முடியாதவர்களைப் ‘பேசுங்கள்’ என்று அழைத்துக்கொண்டிருந்தோம், அக்காவும் நானும் தளம் கட்டியவரும்.

———
* மனைவி இந்த இடத்தைப் படித்துவிட்டு, தான் கேலியாகத்தான் சொன்னதாகத் திருத்துகிறாள்.

4

மக்கள் என்ன சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்க்க அவளிடம் வசதி இருந்தது. அக்கா தளத்தில் இருந்த மருத்துவச் சொற்களை யாரும் தேடவே இல்லை. ‘தொண்டை ஆபரேஷன் பிறகு பேச முடியல’ என்று தேடியிருந்தார்கள். ‘அப்பா குரல் போச்சு என்ன செய்ய’ என்று ஒரு தேடல். பிறகு, ‘கழுத்தில் ஓட்டை இருந்தால் பேச்சு வருமா’.

அதையே தலைப்பாக வைக்கலாம் என்றாள் மனைவி. அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை.

“ஓட்டைன்னு போட்டா படிக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்மா.”

“டைப் பண்ணும்போதே அந்தக் கஷ்டத்தைப் பட்டுட்டாங்க அண்ணி. நாம பதில் சொன்னாப் போதும்.”

அக்கா வெகுநேரம் யோசித்து, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். பொய் நம்பிக்கை கூடாது. தலைப்புக்குக் கீழே அவளே எழுதினாள்: ‘வரும். பழைய குரல் வராது. எல்லோருக்கும் ஒரே மாதிரியும் வராது. பழகினால் பலருக்குப் பேச்சு வரும்.’ என் விடியலை மனைவி அழித்தது அப்போதுதான். தொடர்புப் பக்கத்தில், எழுதி அனுப்ப ஒரு கட்டம் வைத்தாள்.

5

இங்கே ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். அவரை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் விலை கூறினால் சந்தையின் மறுகோடியில் தராசு பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பாராம். அப்படிப்பட்டவருக்கா குரல் போக வேண்டும்? கதைக்காகச் செய்துகொண்டது போல் இருக்கிறதே என்று அவரைத் தையற்காரராக மாற்றிப் பார்த்தேன். அவரிடம் காட்டினேன். (அனுமதி கேட்காமல் எழுதுவதில்லை.) படித்துவிட்டுக் கைபேசியில் தட்டி அனுப்பினார்: ‘ஊசில நூல் கோக்கத் தெரியாது எனக்கு. ஏலக்காரனாவே போடுங்க. ஊமைன்னு மட்டும் போடாதீங்க.’

அதனால் ஏலக்காரர்.

அவருடைய மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அறுவை சிகிச்சைக்கு வந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன்பின் அவள் வீடியோவில் அழைத்தால் இவர் தலையாட்டுவார், அவள் பேசிக்கொண்டே இருந்து அழுதுவிடுவாள். அதைப் பார்க்கமுடியாமல் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டார். ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதி அனுப்புவதோடு சரி.

எழுதி அனுப்பும் கட்டத்தில் வந்த முதல் செய்தி அவருடையது: ‘எனக்கு பேச வராது. எழுத வரும். வரலாமா?’

‘வாங்க’ என்று அக்கா பதில் போட்டாள். போட்டுவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டு, அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்துக்காட்டினாளாம்.

6

காற்றை வாய்வழி உள்ளே தள்ளி, உணவுக்குழாயிலிருந்து திருப்பி எழுப்பி ஒலியாக்க வேண்டும். கேட்க எளிது. பல வாரம் அவருக்கு ஏப்பம்தான் வந்தது. ஒருநாள் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிப் போனார். மருந்துக்கடையில் ஏதோ வாங்கியதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடி மேலே ஏறி வந்தார். அக்கா கண்ணாடி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஒலி வந்தது. ஒலி சொல்லானது. பிறகு அந்தத் தலைப்பை எழுதியது யார் என்று கேட்டார். அக்கா என் மனைவியை வரவழைத்தாள். நானும் போனேன். ஏலக்காரர் எழுந்து நின்றார். உலர்ந்த, கரகரத்த குரல்; ஒவ்வொரு துண்டுக்கும் காற்று சேர்த்துக்கொண்டு பேசினார்.

“நான் தேடினதே… அங்க இருந்துச்சு. எனக்கு முன்னாடி… யாரோ… இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க… தனியா இல்லன்னு… தெரிஞ்சுது.”

மனைவி அது யாரென்று தனக்குத் தெரியாது என்றாள். தேடுகிறவர்களின் பெயர் வராது, கேள்வி மட்டும்தான் வரும்.

“அவங்களுக்கும்… சேத்துத்தான்,” என்று கைகூப்பினார்.

(இந்த இடத்தில் நானும் அந்தப் பெயர் தெரியாதவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குப் பேச்சு வந்திருக்கட்டும்.)

7

அதன்பின் ஒருநாள், அக்காவின் அறையிலிருந்து மகளை அழைக்கப்போவதாகச் சொன்னார். பயமாக இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் போனோம். மறுமுனையில் மணி அடித்ததும் எழுந்துவந்து எங்களை மெல்ல வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வராந்தாவில் நின்றோம். உள்ளே ஒரு கரகரப்பு. ஓர் இடைவெளி. மறுபடி கரகரப்பு. மகள் அழுதது கேட்டது. பிறகு சிரித்தது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. கதவில் காதை வைக்கப்போன என்னை அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு கேட்டுப்பார்த்தேன். “அது… எங்களுக்குள்ள,” என்றார்.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒன்றில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். மூன்றாவதில் “பாத்தியா, அப்பா பேசறேன்…” (அழித்துவிட்டேன்.) எதையும் அவர் வாயில் வைக்க எனக்கு உரிமையில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயம் மட்டும்: ப, த, க வில் தொடங்கும் சொற்கள் அவருக்குச் சுலபமாக வரும். ஒருமுறை சேர்த்த காற்றுக்கு இரண்டு சொல் தாண்டாமல், அது தீர்வதற்குள் முடிகிற மாதிரி எழுதுங்கள்.