ஷார்லோத்தின் முகம் ஒட்டிய வாத்து

பாரிஸில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள் வந்தால் அந்தக் குழந்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் கொண்டாட்டம். குழந்தை பாதி நேரம் நித்திரை கொள்ளும், மீதி நேரம் புதுச்சட்டை குத்துகிறதென்று அழும். ஷார்லோத்தும் அப்படித்தான் செய்தாள். அவளுடைய தாய் நிரஞ்சலா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. பியர்ஃபித்தில் மண்டபம், பலூன் வளைவு, மூன்று தட்டுக் கேக் என்று மாதக்கணக்காக மனதுக்குள் கட்டிவைத்த விழா அது. அழுகைக்கெல்லாம் அசைந்து கொடுக்கிற ஆள் அவள் இல்லை.

வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப லாச்சப்பலில் மகாலிங்கம் அண்ணையின் பரிசுக் கடையில் வாத்துகள் வாங்கியிருந்தாள். மஞ்சள் வாத்து. தலையில் அமத்தினால் வயிற்றுக்குள் நீலமும் சிவப்புமாக மின்னும். பார்க்க வெகு வடிவு. ஒரே ஒரு குறை, பக்கற்றின் மூலையில் யாரோ ஒரு வட்டத்தைப் போட்டு, அதற்குள் ஒரு குழந்தையின் தலையைக் கீறி, சிவப்புக் கோட்டால் குறுக்கே வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் எறும்பு எழுத்தில் பிரெஞ்சு. பிறந்தநாள் பரிசில் இதென்ன அபசகுனம் என்று நிரஞ்சலாவுக்குப் பட்டது. அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாமல் இல்லை. பொபினியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுவதும் அதைத்தான் வாசிக்கிறாள். வீட்டுக்கு வந்தும் வாசிக்க வேண்டுமா என்ன.

ஆகவே ஷார்லோத்தின் சிரித்த முகத்தை வட்டமாக வெட்டி ஸ்டிக்கர் அடிப்பித்தாள். கீழே 'வந்ததற்கு நன்றி' என்று தமிழிலும் பிரெஞ்சிலும். அளவெடுத்ததுபோல அந்த வட்டத்தின் மேலேயே அது உட்கார்ந்தது, எழுத்துகளும் மறைந்தன. இப்போதுதான் பக்கற் பக்கற் மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை விழா நன்றாகத்தான் நடந்தது. ஒரே ஒரு இடத்தில் இடறியது. கேக் வெட்டியதும் படம் எடுப்பவர் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார். அந்த நேரம் நிரஞ்சலாவின் கணவன் அலெக்சிஸின் அண்ணன் மனைவி ஷிரோமி குசினியில் நின்று றோல்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வேலை செய்தவள் அவள்தான். அவளைக் கூப்பிட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வெளியே வந்து பார்த்தபோது மாமன் மச்சான், ஒன்றுவிட்ட சொந்தம், யாரென்றே தெரியாத ஒரு மனிதர் உட்பட எல்லோரும் படத்துக்குள் நின்றார்கள். ஷிரோமி மகளுக்குக் கிடைத்த பரிசுப் பையையும் மகளையும் இழுத்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாள். நம் ஆட்களிடம் சாப்பிடாமல் போவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் மறுநாள் ஞாயிறு பகல் ஷிரோமியின் பெயர் போனில் வந்ததும் நிரஞ்சலா போனைக் கவிழ்த்து வைத்தாள். சண்டை பிடிக்க எடுக்கிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மீண்டும் அடித்தது, மீண்டும் அடித்தது. பிறகு வாட்ஸ்அப்பில் ஏதோ வந்து விழுந்தது. திறந்தால் நீலக்குறி விழும், பார்த்தேன் என்று தெரிந்துவிடும், பிறகு பதில் சொல்ல வேண்டும். திறக்கவில்லை. அலெக்சிஸ் உணவகத்தில் வேலையில் இருந்தான். அவனுடைய போன் அங்கே அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

காலையில் மீந்துபோன வாத்துப் பக்கற் ஒன்றை உடைத்து வாத்தை ஷார்லோத்திடம் கொடுத்திருந்தாள். பிள்ளை அதைக் கடித்துக்கொண்டு சிரித்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸிலும் போட்டாள். பிறகு பரிசுகளைப் பிரிப்பதும் பெட்டிகளை மடிப்பதுமாக நேரம் போனது. இடையில் ஒருமுறை ஷார்லோத் இருமினாள். திரும்பிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு வாயால் நீர் வடிந்தபடி இருந்தது. சட்டையை இரண்டு தரம் மாற்றியாயிற்று. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பினாள். பல் வருகிறது, வேறென்ன என்று நிரஞ்சலா நினைத்தாள். எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள்.

சோற்றையும் பருப்பையும் நன்றாக மசித்துக் கரண்டியில் எடுத்து, எப்படியாவது ஒரு வாய் தீத்திவிடுவோம் என்று மடியில் வைத்திருந்த நேரம்தான் கதவு தட்டப்பட்டது. தட்டப்பட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. உடைபடப் பார்த்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி திறந்தாள். ஷிரோமி நின்றாள். பியர்ஃபித்தில் உள்ள தன் வீட்டிலிருந்து ரயில் பிடித்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமைச் சனத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்து, மூன்று மாடி ஏறியிருந்தாள். தலை கலைந்து, மூச்சு வாங்கியது. நிரஞ்சலா சண்டைக்கு ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொல்ல ஷிரோமி விடவில்லை.

"அந்த வாத்து எங்கை?"

"எந்த வாத்து?"

"பிள்ளை வாயுக்கை வைச்சிருந்தது. ஸ்டேட்டஸிலை போட்டனீரல்லே, அது. எங்கை?"

இருவருமாகத் தேடினார்கள். சோபாவுக்குக் கீழே கிடந்தது. வயிற்றுப் பக்கத்து மூடி திறந்திருந்தது. மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தால் தட்டினாலே கழன்றுவிடுகிற மூடி. உள்ளே வட்டமாக ஒரு குழி. குழி வெறுமையாக இருந்தது.

ஷிரோமி கைப்பையிலிருந்து தன் மகளுடைய வாத்துப் பக்கற்றை எடுத்தாள். ஷார்லோத்தின் ஸ்டிக்கர் அதில் இல்லை. அது இருந்த இடத்தில், கோடு போட்டு வெட்டிய குழந்தைத் தலை. பக்கத்தில் இருந்த எழுத்தை நிரஞ்சலா இப்போது வாசித்தாள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. உள்ளே பொத்தான் பற்றரி உண்டு. விழுங்கினால் உடம்புக்குள் கடும் எரிகாயம் ஏற்படும். உடனே மருத்துவ உதவியை நாடவும்.

அவளுடைய கை தன்பாட்டில் கரண்டியைத் தேடியது. தொண்டையில் மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கக் கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். கரண்டியைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனபோது ஷிரோமி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்டும் குடுக்காதையும். பதினைஞ்சுக்கு அடியும், இப்பவே."

பதினைந்து என்கிற அவசர மருத்துவ இலக்கத்தில் போனை எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டாள். பிள்ளையின் வயது, நிறை, எத்தனை மணிக்கு, என்ன பொருள். பக்கற் கையில் இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றதும் பற்றரியின் பெயரை வாசிக்கச் சொன்னாள். நிரஞ்சலா அந்த எறும்பு எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். உண்ணவும் பருகவும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வண்டி வருகிறது என்றாள் அந்தப் பெண். ஷிரோமி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தபடி அறைக்குள் நடந்தாள். நிரஞ்சலா யன்னலில் நின்று தெருவைப் பார்த்தாள். எல்லா வாகனமும் வந்தது, அந்த ஒன்றைத் தவிர. பிறகு அதுவும் வந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சின்ன நெஞ்சுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம். நிரஞ்சலா அதற்குமேல் பார்க்கவில்லை. பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கதவுகளுக்கு அப்பால் போனார்கள். வெளியே அந்த நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குப் பிரியமில்லை, அவளுக்கும் அதைப் பற்றிப் பேசப் பிரியமில்லை. அலெக்சிஸ் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தான். ஒருவரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு இளம் டொக்டர் வெளியே வந்தாள். முகக்கவசத்தை இறக்கியதும் அவள் சிரிப்பது தெரிந்தது. எடுத்தாகிவிட்டது. உணவுக்குழாயில் சிவந்திருக்கிறது, சில நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம், ஆனால் ஓட்டை விழவில்லை. பல் வருகிறதென்று நினைத்து இரவு வரை வைத்திருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அந்தப் பிள்ளைகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு வாத்தைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இப்படியான பற்றரிக்குத் திருகாணி போட்டு இறுக்கிய மூடி வேண்டும், கருவி இல்லாமல் திறக்கவே கூடாது, சட்டம் அப்படி என்றாள். பக்கற்றில் இறக்குமதி செய்தவனின் பெயரும் இலக்கமும் இருந்தன. அதைப் படம் எடுத்து உரிய இடத்துக்கு அனுப்பப் போவதாகவும், மற்றக் கடைகளில் இருந்தால் அவர்கள் திருப்பி எடுப்பிப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

நிரஞ்சலாவுக்கு அந்த டொக்டரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அவளுடைய காலில் மட்டுமல்ல, எங்கோ ஒரு அறையில் கூடி இருந்து, ஒரு குழந்தைத் தலையைக் கீறி அதற்குக் குறுக்கே கோடு போட வேண்டும், பக்கத்தில் இன்ன வசனம் எழுத வேண்டும் என்று தீர்மானித்த முகம் தெரியாத மனிதர்களின் காலிலும்தான். அவர்களுக்கு அவளைத் தெரியாது, ஷார்லோத்தைத் தெரியாது. தெரியாத பிள்ளைக்காக யோசித்திருக்கிறார்கள். பெற்றவள் அதை ஒட்டி மறைத்திருக்கிறாள். நெஞ்சு நிறைந்துபோய், யாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் இருந்தாள்.

ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. மண்டபத்துக்கு வந்த வீடுகளிலெல்லாம் அந்த வாத்து இருக்கிறது. பிறந்தநாள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கேக்கைப் புகழ்ந்து செய்தி வந்தபடி இருந்தது. அலெக்சிஸ் தான் சொல்வதாகச் சொன்னான். வேண்டாம் என்று நிரஞ்சலா போனை வாங்கிக் குரலைப் பதிந்தாள். நாங்கள் தந்த வாத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து உடனே வாங்கி வையுங்கோ, அதில் எழுதியிருந்ததை நான்தான் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தேன், என் பிள்ளை பற்றரியை விழுங்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அனுப்பியதும் வெட்கம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எடுத்து வைத்துவிட்டோம் என்று ஒவ்வொரு வீடாகப் பதில் வந்தபோது மூச்சு மட்டும் இலேசாக வந்தது. மகாலிங்கம் அண்ணையும் கேள்விப்பட்டு அழைத்தார். மீதி வாத்துகளைக் கடைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

அலெக்சிஸ் தேநீர் எடுக்கப் போனான். வாங்கில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். நிரஞ்சலா அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, எல்லாரும் அதை அப்பிடியே பிள்ளையளுக்குக் குடுத்தவை. நீங்கள் ஏன் ஸ்டிக்கரை உரிச்சனீங்கள்?"

ஷிரோமி கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"எறியிறதுக்குத்தான். உங்கடை சாமான் ஒண்டும் என்ரை வீட்டிலை இருக்கக் கூடாது எண்டு அவ்வளவு கோவம். குப்பைவாளியைத் திறந்திட்டன். ஸ்டிக்கரிலை உங்கடை பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்குது. அந்த முகத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போட என்னாலை ஏலேல்லை. சரி, முகத்தை உரிச்சு வைச்சிட்டு வாத்தை எறிவம் எண்டு உரிச்சன்."

கைப்பையின் உள்ளறையைத் திறந்து காட்டினாள். புனித அன்னம்மாள் படம் போட்ட ஒரு செபப் புத்தகத்தின் உள்மட்டையில் ஷார்லோத் சுருக்கம் ஒன்றும் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தாள்.

"கோவம் போகேல்லை, கண்டீரோ" என்றாள் ஷிரோமி. "அது அப்பிடியே இருக்கு. பிள்ளை சுகமாகி வீட்டை வரட்டும், பிறகு கதைக்கிறன் உம்மோடை."

"கதையுங்கோ அக்கா" என்றாள் நிரஞ்சலா. "வந்து இருந்து, வயித்துக்குச் சாப்பிட்டிட்டு, எவ்வளவு வேணுமெண்டாலும் என்னைப் பேசுங்கோ."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பகல் முழுவதும் வராத அழுகை இப்போது வந்தது. ஷிரோமியின் மடியில் தலையைப் போட்டுச் சின்னப்பிள்ளைபோல அழுதாள். ஷிரோமி தள்ளிவிடவில்லை.