ரென் நாளில் இறந்தவன்

மண்மதிலின் கடைசி அடுக்கைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரையே மாற்றச் சொல்லிவிட்டார் புது ராஜா. அண்ணன் இறந்து பட்டத்துக்கு வந்த தம்பி அவர். எலும்பைச் சுட்டுக் குறி பார்த்ததில், மஞ்சள் ஆற்றுக்கு அக்கரையில்தான் இனித் தலைநகர் என்று வந்ததாம்.

மதில் வேலை மேஸ்திரி தூன், திமிசுக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஹுவாய் வாசற்படியோரம் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாற்பதாம் நாள் இறந்த மகனை அங்கேதான் பானையில் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

“கைய எடு. புதைச்சதத் தோண்டக் கூடாது,” என்றான் தூன்.

“அப்ப நான் வரல. நீங்க மட்டும் போங்க.”

வீடு வீடாக ஆட்களைக் கிளப்பிக்கொண்டு வந்த கண்காணி காவ் சத்தம் கேட்டு நின்றான்.

“என்ன தகராறு? ராசாவே அப்பனையும் அண்ணனையும் இந்த மண்ணுல விட்டுட்டுத்தான் கெளம்புறாரு. உம் புள்ள என்ன அவங்களவிடப் பெரிய ஆளா?”

ஹுவாய் எழுந்தாள். முழங்கை வரை மண்.

“அவங்களுக்குப் பேரு இருக்குங்கய்யா. எங்க போனாலும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைக்கலாம். எம் புள்ளைக்குப் பேரே வைக்கல. இந்த வாசல விட்டுட்டா அவன என்னன்னு கூப்பிடுவேன்?”

காவ் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினான். “இருட்டுறதுக்குள்ள படகுத்துறைக்கு வந்துருங்க,” என்று முனகிவிட்டு நகர்ந்தான்.

தூன் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அவன் போனது ரென் நாள்தானே?”

பத்து நாள் வாரத்தில் அது ஒன்பதாவது. இறந்த ராஜாக்களைத்தான் அப்படி நாளின் பெயரால் அழைப்பார்கள். மற்றவர்கள் துணிவதில்லை.

“ஆமா. அதுக்கென்ன?”

தூன் மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் அழுத்தினான். பிறகு குனிந்தான்.

“ரென்... நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போறோம்டா. உங்கம்மா கூப்பிடுவா. வந்துரு.”

“ஐயோ, ராசா பேராட்டம்ல இருக்கு! யார் காதுலயாச்சும் விழுந்தா தலை போயிரும்.”

“இந்த ஊருக்கே மதில் கட்டினவன் மகன். அவனுக்கு இந்தப் பேரு தகும்.”

குழந்தை போன நாளிலிருந்து அழாமல் இருந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

அக்கரையில் இன்னும் சுவர்கூட எழும்பவில்லை. நாணற்கூரை மட்டும்தான். முதல் ரென் நாள் காலையில் தினைக்கஞ்சிக் கிண்ணத்தைக் குடிசை வாசலில் வைத்தாள் ஹுவாய். கூப்பிட நிமிர்ந்தாள். பத்தடி தள்ளிக் கூலியாட்களோடு காவ் நின்றிருந்தான்.

அவனைப் பார்த்துக்கொண்டே மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாகவே.

காவ் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு கூலியாட்கள் பக்கம் திரும்பி, “என்னடா வேடிக்கை? திமிசத் தூக்குங்க!” என்று அதட்டினான்.